எல்.எஸ்.டி.எம் கணிப்புக் கோடு விலைக் கோட்டின் மேலேயே படிகிறது, ஆனால் லாபம் இல்லை. கோளாறு எங்கே?

#1 மெழுகுவர்த்தி

வணக்கம். ஒரு பங்குக் குறியீட்டின் 10 வருட தினசரி முடிவு விலை. கடைசி 60 நாள் விலையைக் கொடுத்து மறுநாள் விலையைக் கணிக்கும் எல்.எஸ்.டி.எம் (வரிசையாக வரும் தரவுக்கான நரம்பு வலை) மாடல். இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 50 யூனிட், டிராப்அவுட் (பயிற்சியில் தற்செயலாக அணைத்து வைக்கும் யூனிட்களின் பங்கு) 0.2. முதல் 80 சதவீதம் பயிற்சிக்கு, மீதி சோதனைக்கு. சோதனைப் பகுதியில் ஆர்-ஸ்கொயர் (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98 வருகிறது, வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு போகின்றன.

இதே கணிப்பை வைத்து, நாளை ஏறும் என்றால் வாங்குவது, இறங்கும் என்றால் விற்பது என்று கணக்குப் போட்டால் லாபம் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கிறது. அடுக்கைக் கூட்ட வேண்டுமா, இன்னும் பெரிய நரம்பு வலை வகையான டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற வேண்டுமா, இல்லை பிரச்சினையே வேறா?

#2 தராசுமுள்

அடுக்கில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். "நாளைய விலை = இன்றைய விலை" என்ற ஒற்றை வரிக் கணிப்புக்கு அதே சோதனைப் பகுதியில் ஆர்-ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். அதுவும் 0.98ஐத் தொடும், பெரும்பாலும் தாண்டும். பிறகு வரைபடத்தில் ஏதாவது 20 நாட்களை மட்டும் பெரிதாக்குங்கள். கணிப்புக் கோடு உண்மையான கோட்டுக்கு ஒரு நாள் பின்னால் வருவது கண்ணுக்கே தெரியும். மாடல் கற்றது நேற்றைய விலையைத் திருப்பிச் சொல்வதை மட்டும்தான்.

காரணம் அளவுகோலில் இருக்கிறது. ஆர்-ஸ்கொயர் உங்கள் பிழையைச் சோதனைக் காலத்தின் மொத்தச் சராசரியோடு ஒப்பிடுகிறது. குறியீடு 10,000லிருந்து 14,000க்குப் போன காலத்தில் சராசரி 12,000 அளவில் கிடக்கும். அதோடு ஒப்பிட்டால் நேற்றைய விலையை ஒட்டி எதைச் சொன்னாலும் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இலக்கை விலையிலிருந்து சதவீத மாற்றத்துக்கு மாற்றுங்கள். எண் சட்டென்று விழும், எதிர்மறையாகவும் போகலாம். அதுதான் உண்மையான தொடக்கப் புள்ளி. எவ்வளவு வந்தால் நல்லது என்று தெரிய ஒரு அளவு: கூ, கெல்லி, ஷியூ மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 1957 முதல் 2016 வரை ஏறத்தாழ 30,000 அமெரிக்கப் பங்குகளை எடுத்துக்கொண்டார்கள். மாதாந்திர மாற்றத்தைக் கணிப்பதில் அவர்களுடைய சிறந்த நரம்பு வலைக்குக் கிடைத்த ஆர்-ஸ்கொயர் 0.40 சதவீதம். 0.40 அல்ல, 0.004. இந்தத் துறையில் வெற்றி என்பதே இந்த அளவில்தான் இருக்கிறது. தினசரி திசையில் 0.98 என்று யாராவது காட்டினால் எங்கோ கசிவு (எதிர்காலத் தகவல் மாடலுக்குள் நுழைவது) இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

#3 நிரல்நெசவு

மாடலின் அளவையும் எண்ணிப் பாருங்கள் நண்பரே. ஓர் உள்ளீடும் 50 யூனிட்டும் கொண்ட முதல் அடுக்கில் 10,400 எடைகள் (மாடல் கற்கும் எண்கள்). இரண்டாவது அடுக்கில் 20,200. கடைசி வெளியீட்டில் 51. மொத்தம் 30,651. பத்து வருடம் என்றால் சுமார் 2,500 வர்த்தக நாட்கள். அதில் 80 சதவீதம் 2,000, முதல் 60 நாள் சாளரத்துக்குப் போக மிச்சம் சுமார் 1,940 தரவு வரிகள். ஒரு வரிக்குக் கிட்டத்தட்ட 16 எடைகள். சமிக்ஞை இவ்வளவு மெலிதாக இருக்கும் தரவில் இது மனப்பாடம் செய்யத்தான் உதவும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த அளவு தரவுக்கு முதலில் ரிட்ஜ் ரிக்ரஷன் (எடைகள் பெரிதாகாமல் கட்டுப்படுத்தும் நேர்கோட்டு மாடல்). அதைத் தாண்ட முடிந்தால் கிரேடியன்ட் பூஸ்டிங் (முந்தைய பிழையைத் திருத்தும் சிறு முடிவு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பது): மரத்தின் ஆழம் 3 முதல் 5, கற்றல் வேகம் 0.01 முதல் 0.05, ஒவ்வொரு மரத்துக்கும் வரிகளிலும் உள்ளீடுகளிலும் 50 முதல் 70 சதவீதம் மட்டும். ஓர் இலையில் (மரத்தின் கடைசி முனையில்) விழ வேண்டிய குறைந்தபட்ச வரிகளைத் தாராளமாக வையுங்கள். பல பங்குகளைச் சேர்த்துப் பயிற்றுவித்தால் சில நூறு. சில நிரல்களில் இயல்பாக வரும் 20ஐ அப்படியே விட்டால் ஒவ்வொரு இலையும் ஏதோ ஒரு பழைய வாரத்தின் நினைவாகிவிடும்.

#4 காலமுத்திரை

மாடலுக்குப் போகும் முன் தரவை ஒழுங்கு செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. முழுத் தரவுக்கும் சேர்த்து மின்மேக்ஸ் அளவாக்கம் (குறைந்த விலை 0, உச்ச விலை 1 என்று சுருக்குவது) செய்திருந்தால் எதிர்காலத்தின் உச்ச விலை பயிற்சிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. பயிற்சிப் பகுதிக்கு மட்டும் பொருத்தியிருந்தாலோ, சோதனைக் கால விலைகள் 1ஐத் தாண்டி, மாடல் பார்த்தே இராத எல்லைக்குப் போய்விடும். சதவீத மாற்றத்துக்கு மாறினால் இரண்டும் தீரும்.

அடிக்கடி தவறவிடப்படுவது சரிசெய்த விலை. ஒரு பங்கு பின்னாளில் பத்துப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டால், தரவு வழங்குநர் பழைய விலைகளையெல்லாம் பத்தில் ஒரு பங்காக மாற்றி எழுதிவிடுவார். அன்று 500க்கு விற்றது கோப்பில் 50 என்று இருக்கும். விலை நன்றாக ஏறிய பங்குகளைத்தானே பிரிக்கிறார்கள்? ஆகவே விலையின் அளவை உள்ளீடாகக் கொடுத்தால், "விலை குறைவாக இருந்த பங்கு பலமாக ஏறுகிறது" என்று மாடல் கற்கும். அது எதிர்காலச் செய்தி. சரிசெய்த விலையிலிருந்து மாற்ற விகிதத்தை மட்டும் எடுங்கள். விலை அளவு வேண்டுமென்றால் அன்றைய சரிசெய்யாத விலையை எடுங்கள்.

காலாண்டுக் கணக்கு மார்ச் 31ஆம் தேதிக்கு உரியது என்றாலும் சந்தை அதைப் பார்ப்பது பல வாரம் கழித்து. வெளியான நாளும் நேரமும்தான் உங்கள் திறவுகோல். மொத்த உற்பத்தி, வேலைவாய்ப்பு எண்கள் பிறகு திருத்தப்படுகின்றன. இன்று தரவிறக்கும் 2015ஆம் ஆண்டு எண் 2015இல் யாரும் பார்த்த எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க எண்களுக்கு, அந்தந்த நாளில் இருந்தபடியே பழைய பதிப்புகளை செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆல்ஃபிரெட் தரவுத்தளம் வைத்திருக்கிறது.

தேதி மயக்கம் இன்னொன்று. நியூயார்க்கின் செவ்வாய் முடிவு விலை டோக்கியோவின் செவ்வாய் சந்தை மூடி பல மணி நேரம் கழித்து வருகிறது. இரண்டையும் தேதியை வைத்து மட்டும் ஒட்டினால் டோக்கியோவை அற்புதமாகக் கணிப்பீர்கள். எல்லா நேரத்தையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

இன்றைய குறியீட்டில் இருக்கும் பங்குகளை மட்டும் எடுத்துப் பத்து வருடம் பின்னோக்கி ஓட்டுவதும் இதே வகைதான். திவாலானவையும் நீக்கப்பட்டவையும் அந்தப் பட்டியலில் இல்லை.

#5 மெழுகுவர்த்தி

நன்றி ஐயா. மாற்ற விகிதத்தை இலக்காக வைத்தால் திசை சரியாக வருவது 53 சதவீதம். 500 நாள் சோதனை. இது நம்பக்கூடிய எண்ணா?

#6 தராசுமுள்

மூன்று கணக்குகள் போட வேண்டும்.

முதல் கணக்கு: நாணயம் சுண்டினால் 500 நாளில் நிலைப்பிழை (தற்செயலாக வரும் விலகலின் வழக்கமான அளவு) எவ்வளவு? 0.5ஐ 500இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.2 சதவீதம். உங்கள் 3 சதவீத மேன்மை ஒன்றேகால் நிலைப்பிழைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 53ஐ 50லிருந்து இரண்டு நிலைப்பிழை அளவுக்குப் பிரித்தறிய சுமார் 1,100 நாள் வேண்டும். மூன்று நிலைப்பிழைக்கு 2,500 நாள், அதாவது பத்து வருடம். கூடவே ஒப்பீடும் 50 அல்ல. ஏறுமுகமான குறியீட்டில் "தினமும் ஏறும்" என்று சொல்லும் மாடலுக்கே 53 கிடைக்கலாம். சோதனைக் காலத்தில் ஏறிய நாட்கள் எத்தனை சதவீதம் என்று எண்ணி, அதைத்தான் தாண்ட வேண்டும்.

இரண்டாவது செலவு. ஒரு நாளின் சராசரி நகர்வு 0.8 சதவீதம் என்று வைத்தால் எதிர்பார்க்கும் லாபம் (0.53 − 0.47) × 0.8 = 0.048 சதவீதம். வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு வாங்கு-விற்பு விலை இடைவெளி, தரகு, வரி, விலை வழுக்கல் (எண்ணிய விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் சேர்ந்து 0.05 ஆனாலே முதல் போய்விடும். அதனால் தினமும் திசை மாற்றாதீர்கள். கணித்த நகர்வு செலவின் இரண்டு மடங்கைத் தாண்டும்போது மட்டும் நிலையை மாற்றுங்கள். வர்த்தகம் குறையும், ஒவ்வொரு வர்த்தகத்தின் மிச்சம் கூடும்.

மூன்றாவதுதான் பலரையும் கவிழ்ப்பது. இந்த 53 எத்தனையாவது முயற்சியில் வந்தது? திறமையே இல்லாத 100 உத்திகளை ஒரு வருடத் தரவில் ஓட்டினால், அவற்றில் சிறந்ததன் ஷார்ப் விகிதம் (லாபத்தை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்தது) தற்செயலாகவே சுமார் 2.5 வரும். ஐந்து வருடத் தரவு என்றால் சுமார் 1.1. சாளரத்தை 30, 60, 90 என்று மாற்றியதும், டிராப்அவுட்டைத் திருகியதும், உள்ளீட்டைச் சேர்த்து நீக்கியதும் ஒவ்வொன்றும் ஒரு முயற்சி. ஒவ்வோர் ஓட்டத்தையும் ஒரு கோப்பில் பதிந்துவையுங்கள், தோற்றவற்றையும் சேர்த்து. அந்த எண்ணிக்கை தெரியாமல் எந்த பேக்டெஸ்ட் (பழைய தரவில் உத்தியை ஓட்டிப் பார்ப்பது) முடிவையும் எடைபோட முடியாது.

சரிபார்த்து வெளியான உத்திகளே தேய்கின்றன. மெக்லீன், பான்டிஃப் இருவரும் 2016இல் 97 கணிப்பு மாறிகளை ஆராய்ந்தார்கள். ஆய்வுக்கு எடுத்த காலத்துக்கு வெளியே லாபம் 26 சதவீதமும், கட்டுரை வெளியான பிறகு 58 சதவீதமும் குறைந்திருந்தது.

#7 நிரல்நெசவு

சோதனை முறையையும் மாற்ற வேண்டும். 80-20 என்று ஒரே வெட்டு போதாது. கலைத்துப் போட்ட கே-ஃபோல்ட் (தரவைப் பல துண்டாக்கி ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதனைக்கு வைப்பது) அதைவிட ஆபத்து. இலக்கு அடுத்த 5 நாள் மாற்றம் என்றால் திங்கள் வரியும் செவ்வாய் வரியும் நான்கு நாட்களைப் பகிர்கின்றன. ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்தால் விடை கைமாறிவிடுகிறது.

இப்படிச் செய்யுங்கள். நான்கு வருடம் பயிற்சி. அதன் கடைசி 5 நாள் வரிகளை நீக்குங்கள், ஏனெனில் அவற்றின் இலக்கு சோதனைக் காலத்துக்குள் நீள்கிறது. அடுத்த மூன்று மாதம் சோதனை. பிறகு எல்லாவற்றையும் மூன்று மாதம் முன்னே நகர்த்தி மறுபடியும். பத்து வருடத்தில், பூட்டிவைக்கப் போகும் கடைசி வருடம் போக, இப்படி 20 சோதனைத் துண்டுகள் கிடைக்கும். சராசரியை மட்டும் பார்க்காமல் துண்டு துண்டாகப் பாருங்கள். மொத்த லாபமும் இரண்டே துண்டுகளிலிருந்து வந்தால், அந்த மூன்று மாதங்களில் என்ன நடந்தது என்று தேட வேண்டும். அளவுருக்களைத் தேர்வதற்குப் பயிற்சிக் காலத்தின் கடைசிப் பகுதியைப் பயன்படுத்துங்கள். கடைசி ஒரு வருடத்தைத் தொடாமல் பூட்டிவைத்து, எல்லாம் முடிவான பின் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள்.

இலக்கிலும் ஒரு திருத்தம். அமைதியான மாதத்தில் 1 சதவீதம் பெரிய நகர்வு. கொந்தளிப்பில் அது ஒன்றுமில்லை. கடைசி 20 நாள் ஏற்ற இறக்கத்தால் வகுத்துவிட்டால் மாடல் கொந்தளிப்பு நாட்களுக்கு மட்டும் கட்டுப்பட்டு நடக்காது.

#8 அலைமானி

எல்லோரும் திசையையே பேசுகிறீர்கள். ஏற்ற இறக்கத்தின் அளவைக் கணிப்பது இதைவிடப் பல மடங்கு எளிது. பெரிய நகர்வுக்குப் பின் பெரிய நகர்வும் அமைதிக்குப் பின் அமைதியும் கூட்டமாக வருகின்றன. 1982இல் எங்கிள் கொடுத்த ஆர்ச் மாடலும் 1986இல் போலர்ஸ்லெவ் அதை விரித்த கார்ச் மாடலும் இதன் மேல் நிற்பவைதான்.

நடைமுறையில் தொடங்க ஹார் மாடல் (பல கால அளவுகளின் முந்தைய ஏற்ற இறக்கத்திலிருந்து அடுத்ததைக் கணிப்பது) போதும். ஐந்து நிமிட விலை மாற்றங்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் அன்றைய உண்மையான ஏற்ற இறக்கம் கிடைக்கும். நேற்றைய அளவு, 5 நாள் சராசரி, 22 நாள் சராசரி இந்த மூன்றையும் மடக்கை எடுத்து ஒரு நேர்கோட்டு ரிக்ரஷன். நான்கே எண்கள் கொண்ட இந்த மாடலை நரம்பு வலையால் தாண்டுவது சுலபமில்லை.

இதன் பயன் பொசிஷன் அளவில், அதாவது எவ்வளவு வாங்குவது என்பதில். மொத்த முதலீட்டின் ஆண்டு ஏற்ற இறக்கம் 10 சதவீதத்தில் நிற்க வேண்டும், கணிப்பு 20 சதவீதம் என்கிறது என்றால் பாதி அளவு மட்டும் வாங்குங்கள். திசைக் கணிப்பு சுமாராக இருந்தாலும் கணக்கு காலியாகாமல் காப்பது இதுதான்.

நரம்பு வலை உதவாது என்று நிரல்நெசவு சொன்னதை மட்டும் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆர்டர் புக் (காத்திருக்கும் வாங்கு, விற்பு ஆர்டர்களின் பட்டியல்) தரவில் ஒரே நாளில் லட்சக்கணக்கான வரிகள் வரும். அங்கே அடுத்த சில விநாடிகளுக்கு ஆழமான வலைகள் நிஜமாகவே சமிக்ஞை பிடிக்கின்றன.

#9 நிரல்நெசவு

பிடிக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நகர்வு பெரும்பாலும் வாங்கு-விற்பு இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. லிமிட் ஆர்டர் (குறித்த விலையில் அல்லது அதைவிட நல்ல விலையில் மட்டும் நிறைவேறும் ஆர்டர்) வரிசையில் முன்னால் நிற்பவருக்குத்தான் அது காசு. பேக்டெஸ்டில் "விலை என் லிமிட்டைத் தொட்டது, ஆகவே ஆர்டர் நிறைவேறியது" என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. விலை லிமிட்டைத் தாண்டிப் போனால் மட்டுமே நிறைவேறியதாகக் கணக்கிடுங்கள். தாண்டிப் போகும் தருணங்கள் சந்தை உங்களுக்கு எதிராக நகரும் தருணங்களும்கூட. அந்த நட்டமும் அப்போது கணக்கில் தானாகவே வந்துவிடும்.

#10 மெழுகுவர்த்தி

பெரிய மொழி மாடல்களிடம் செய்திகளைக் கொடுத்து "இந்தப் பங்கு ஏறுமா?" என்று கேட்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பழைய செய்திகளில் சோதித்தவர்கள் காட்டும் எண்கள் மிரட்டுகின்றன.

#11 சொல்லளவு

மிரட்டத்தான் செய்யும், ஏனென்றால் மாடலுக்கு விடை தெரியும். 2023 வரையிலான எழுத்தில் பயின்ற மாடலிடம் 2020 பிப்ரவரிச் செய்தியைக் காட்டினால், அடுத்த மாதம் சந்தை சரிந்தது அதன் எடைகளுக்குள்ளேயே இருக்கிறது. "எதிர்காலத்தைப் பயன்படுத்தாதே" என்று கட்டளையில் எழுதுவதால் அது மறந்துவிடாது. பயிற்சிக் காலம் முடிந்த தேதிக்குப் பின் வந்த செய்திகளில் மட்டும் சோதிப்பதுதான் நேர்மையான வழி. நிறுவனப் பெயர், தேதி, பொருளின் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் பழைய செய்தியைக் கொடுப்பது அரைத் தீர்வு. மறைத்ததும் துல்லியம் சட்டென்று விழுந்தால் முன்பு வந்தது நினைவாற்றல் என்று தெரிந்துகொள்ளலாம்.

விலையைக் கேட்காதீர்கள். செய்தியைப் படித்து அளக்கச் சொல்லுங்கள்: இந்த நிறுவனத்துக்கு நேரடியாகப் பொருந்துமா, ஏற்கெனவே வந்த செய்தியா புதியதா, வருமானத்தின் மீது விளைவு −2 முதல் +2 வரை எவ்வளவு. இந்த எண்களை மற்ற உள்ளீடுகளோடு பூஸ்டிங் மாடலுக்குக் கொடுங்கள். பழைய வழியான சொற்பட்டியலை வைத்துத் தொடங்குவதென்றால் பொதுப் பட்டியலை எடுக்காதீர்கள். லாக்ரன், மெக்டொனால்டு இருவரும் 2011இல் காட்டினார்கள்: ஹார்வர்டு பட்டியலில் எதிர்மறை என்று குறித்த சொற்களில், நிறுவன அறிக்கைகளில் வருபவற்றை எண்ணினால் ஏறக்குறைய முக்கால்வாசி நிதி எழுத்தில் எதிர்மறையே அல்ல. வரி, செலவு, பொறுப்பு போன்றவை கணக்கறிக்கையின் அன்றாடச் சொற்கள்.

மாடலின் பதிப்பைப் பூட்டிவையுங்கள். அதே பெயரில் சேவை வழங்குநர் உள்ளே மாற்றினால் நேற்றைய +1 இன்று 0 ஆகும். ஒவ்வொரு விடையையும் நேரத்தோடு சேமியுங்கள், பிறகு மறுபடி கேட்டால் அதே விடை வரும் என்ற உறுதி இல்லை.

பொய்ச் செய்திக்கும் இடம் வையுங்கள். 2013 ஏப்ரல் 23இல் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ட்விட்டர் கணக்கு கைப்பற்றப்பட்டு, வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு என்று பொய் வந்தது. அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்டது. இரண்டாவது மூலத்தில் உறுதியாகாத செய்திக்கு எடையைக் குறைத்து வைப்பது வேகத்தைக் கொஞ்சம் தின்னும். தினசரி உத்திக்கு அந்த வேகம் தேவையுமில்லை.

#12 அலைமானி

நேரடி ஓட்டத்துக்குப் போகும் முன் மாடலுக்கு வெளியே ஒரு தடுப்பு வேண்டும், மாடலின் நிரலோடு கலக்காத தனி நிரலாக. ஒரு ஆர்டரின் அதிகபட்ச அளவு, ஒரு நிமிடத்துக்கு அதிகபட்ச ஆர்டர்கள், ஒரு நாளின் அதிகபட்ச நட்டம். எது மீறினாலும் புதிய ஆர்டர் நிற்க வேண்டும், மனிதர் வந்து பார்த்த பிறகே மீண்டும் ஓட வேண்டும். 2012 ஆகஸ்ட் 1இல் நைட் கேப்பிட்டல் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றியது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டம். கணிப்பு தவறியதால் வந்ததல்ல அது.

ஸ்டாப்லாஸை (விலை குறித்த அளவைத் தொட்டால் நட்டத்தை நிறுத்த வெளியேறும் ஆர்டரை) உத்தரவாதமாக எண்ணாதீர்கள். 2015 ஜனவரி 15இல் சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற தரைவிலையைக் கைவிட்டபோது, தரைக்குச் சற்றுக் கீழே வைத்த ஸ்டாப்கள் வெகு தொலைவில்தான் நிறைவேறின. தரவுக் குழாயிலும் இப்படி ஒரு எல்லை உண்டு. 2020 ஏப்ரல் 20இல் அமெரிக்க கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் (பிற்காலத்தில் வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) −37.63 டாலரில் முடிந்தது. எதிர்மறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. அந்த இடம் வெற்றாகி, வெற்றைப் பூஜ்யம் என்று நிரப்பும் நிரல் அந்த நாளை "மாற்றமில்லை" என்று மாடலுக்குச் சொல்லும்.

#13 மெழுகுவர்த்தி

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி? நட்டம் தொடர்ந்தால் உடனே செய்துவிடலாமா?

#14 நிரல்நெசவு

நட்டத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். ஐந்து நாள் இலக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், நாள் முன்கூட்டியே குறித்ததாக இருக்கட்டும். இடையில் உள்ளீடுகளின் பரவல் மாறுகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். அந்த மாற்றத்தை அளக்கும் பி.எஸ்.ஐ எண் 0.25ஐத் தாண்டினால் முதலில் தரவுக் குழாய் உடைந்திருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் அதுதான்.

புதிய மாடலை ஏற்றும் முன் கடந்த மாத வரிகளுக்குப் பழையதும் புதியதும் சொல்லும் கணிப்புகளின் தொடர்பைப் பாருங்கள். மூன்று மாதத் தரவு கூடியதற்கே கணிப்புகள் தலைகீழானால் மாடல் இரைச்சலில் நிற்கிறது. மரங்களைக் குறையுங்கள், இலையின் குறைந்தபட்ச வரிகளைக் கூட்டுங்கள். நாள் குறித்த மறுபயிற்சிதான் பேக்டெஸ்டில் ஓட்டிய அதே மூன்று மாத நகர்வோடு பொருந்துகிறது. நட்டம் கண்டு அவசரத்தில் செய்த மறுபயிற்சியை எந்தப் பழைய தரவிலும் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது.